சிப், நெட்வொர்க் பங்குகள்: வாங்கும் முன் யாருடைய கணக்கைப் படிப்பது?

ஆடிப் பண்டிகைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன், தட்டுவடை செட்டை மென்றுகொண்டே கைபேசியை என் பக்கம் நீட்டினான். ஒரு செமிகண்டக்டர் கம்பெனியின் பங்கு விலைக் கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

"மாமா, இதில் இரண்டு லட்சம் போடலாம் என்று இருக்கிறேன்."

"போடேன் மாப்பிள்ளை. இந்தக் கம்பெனி யாருக்குச் சரக்கு விற்கிறது?"

"எல்லாருக்கும்தான்."

எல்லாருக்கும் விற்கிற கம்பெனி என்று ஒன்று கிடையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கும், ஆத்தூர்ப் பக்கம் இரண்டு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கும் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பட்டறை நொடித்துப்போகும் என்பதை அதன் பேரேட்டில் நான் முதலில் கண்டதில்லை. அதனிடம் வாங்கும் மொத்த வியாபாரியின் பாக்கி நீளும்போதுதான் கண்டிருக்கிறேன். சிப் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் கருவிக் கம்பெனிகளுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவற்றின் பங்கை வாங்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது, அவற்றிடம் சரக்கு வாங்குபவரின் கணக்கை.

நான் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் அல்லன். எந்தப் பங்கையும் வாங்கச் சொல்லவோ விற்கச் சொல்லவோ போவதில்லை. ஒரு பங்கை எப்படிப் படிப்பது என்று மாப்பிள்ளைக்குச் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: சங்கிலியில் எந்தக் கண்ணி?

ஒரு கொலுசு எத்தனை கைகள் மாறி வருகிறது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளியை உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் இன்னொருவர், பற்ற வைப்பவர் வேறு, சலங்கை கோப்பது வேறு வீடு, மெருகு போடுவது வேறு தெரு. எல்லாவற்றையும் செய்வித்து, தன் டிசைனைத் தன் முத்திரையோடு விற்கும் வியாபாரியிடம் பல சமயம் ஒரு துருத்திகூட இருக்காது.

சிப் தொழிலும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. என்விடியா, ஏஎம்டி, குவால்காம், பிராட்காம் ஆகியவை டிசைன் வைத்திருக்கும் வியாபாரிகள். சொந்தமாகச் சிப் வார்க்கும் ஆலை கிடையாது, அல்லது பெரும்பகுதி வேலையை வெளியில் கொடுக்கிறார்கள். கூலிக்குச் சிப் வார்த்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. மோரிஸ் சாங் 1987-இல் அதைத் தொடங்கியபோது, பிறர் டிசைனை மட்டுமே செய்து கொடுக்கும் ஆலை என்ற எண்ணமே புதிது. அந்த ஆலைக்கு இயந்திரம் தருபவர்கள் வேறு: நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல், அமெரிக்காவின் அப்ளைட் மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ, ஜப்பானின் டோக்கியோ எலெக்ட்ரான். மிக நுண்ணிய சிப்புகளுக்குத் தேவையான ஈயூவி ஒளி அச்சு இயந்திரத்தை உலகிலேயே ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்கிறது. நினைவகச் சிப்புகள் தனி உலகம். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவர் கையில்தான் அதில் பெரும்பகுதி. டிசைன் வரையும் மென்பொருளுக்கு சினாப்சிஸ், கேடென்ஸ். கடைசியில் சிப்பைச் சோதித்து உறை போடும் ஆலைகள்.

நெட்வொர்க் பக்கம் இதே பிரிவினை உண்டு. ஆயிரக்கணக்கான சிப்புகளை ஒரே கூடத்தில் வைத்து செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கும்போது, ஒவ்வொரு சிப்பும் மற்றவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சு தடைபட்டால் பல லட்ச ரூபாய்ச் சிப் சும்மா காத்துக் கிடக்கும். அதனால்தான் என்விடியா 2019-இல் மெல்லனாக்ஸ் என்ற நெட்வொர்க் கம்பெனியை வாங்க 690 கோடி டாலர் பேசி, 2020-இல் அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. மெல்லனாக்ஸின் பலம் இன்ஃபினிபேண்ட் என்ற இணைப்பு முறை. அதற்கு எதிரே நிற்பது நம் அலுவலகங்களில் ஓடும் ஈதர்நெட்டின் பெரிய அண்ணன். அந்தப் பக்கத்துக்கு, தரவை வழிபிரித்து அனுப்பும் ஸ்விட்ச் சிப் தருவதில் பிராட்காம் முன்னணி. சிப்பை வாங்கிப் பெட்டியாகக் கட்டி, மேலே தன் மென்பொருளை ஏற்றி விற்பவை அரிஸ்டா, சிஸ்கோ போன்றவை. பெட்டிகளுக்கு நடுவே ஓடும் கண்ணாடி இழைக்கு கார்னிங்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? சேதாரம் யார் தலையில் விழும், விலை வைக்கும் அதிகாரம் யாரிடம் என்பது கண்ணிக்குக் கண்ணி மாறும். மெருகுக்காரருக்குக் கூலி கிராமுக்கு இவ்வளவு என்று தெருவே சேர்ந்து முடிவு செய்துவிடும். டிசைன்காரர் தன் விலையைத் தானே வைப்பார். 2025 நிதியாண்டில் என்விடியாவுக்கு 100 டாலர் விற்பனையில் சரக்கின் அடக்கம் போக 75 டாலர் நின்றது. உறை போடும் ஆலை எதுவும் அந்தக் கணக்கைக் கனவிலும் காணாது. இரண்டையும் "சிப் பங்கு" என்று ஒரே பையில் போட்டு விலை ஒப்பிடுவது, கொலுசு வியாபாரியையும் மெருகுப் பட்டறையையும் ஒரே தராசில் நிறுப்பதுதான்.

இரண்டாம் படி: செக்கில் கையெழுத்துப் போடுபவர் யார்?

இந்தப் படிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அமெரிக்கக் கம்பெனிகள் ஆண்டுக்கு ஒருமுறை 10-கே என்ற அறிக்கையை அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்திடம் கொடுக்கின்றன. எட்கர் என்ற தளத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நூறு பக்கங்களுக்கு மேல் இருக்கும். பயப்பட வேண்டாம், முதல் வாசிப்பில் இரண்டே இடம் போதும். விற்பனையில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதைச் சொல்லும் பத்தி ஒன்று. இடர்களைப் பட்டியலிடும் பகுதி மற்றொன்று.

அரிஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் தொடங்கிய கம்பெனி, 2008 முதல் ஜெயஸ்ரீ உள்ளால் தலைமையில் ஓடுகிறது. 2024-இல் விற்பனை சுமார் 700 கோடி டாலர். அதில் மைக்ரோசாஃப்ட் மட்டும் 20 சதவீதம், மெட்டா 14.6 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டே இரண்டு பேர். என்விடியாவின் 2025 நிதியாண்டு அறிக்கையில் மூன்று நேரடி வாடிக்கையாளர்கள் முறையே 12, 11, 11 சதவீதம் என்று இருக்கிறது. பெயர்கள் இல்லை, ஏ, பி, சி என்று எழுத்துகள்தான். நேரடியாக வாங்குபவர்களில் பலர் பெட்டி கட்டிக் கொடுக்கும் இடைத்தரகர்கள். கடைசியில் பணம் வருவது, பிரமாண்டமான கணினிக் கூடங்களை நடத்தும் பெரிய கிளவுட் கம்பெனிகளின் பையிலிருந்துதான்.

ஆகவே என்விடியாவின் அறிக்கையை மூடி வைத்துவிட்டு அந்தக் கிளவுட் கம்பெனிகளின் அறிக்கையைத் திறக்க வேண்டும். மூலதனச் செலவு, அதாவது கட்டடம், சர்வர் போன்ற நீண்ட நாள் சொத்துகளுக்குப் போடும் பணம், என்ற ஒரு வரியைத் தேடுங்கள். மெட்டா 2024-இல் சுமார் 3,920 கோடி டாலர் செலவிட்டது. கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட் 5,250 கோடி டாலர். 2025-க்குச் சுமார் 7,500 கோடி செலவிடுவோம் என்று அது அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஒருவரின் செலவு இன்னொருவரின் வருவாய். என்விடியாவின் ஆண்டு விற்பனை 2023 நிதியாண்டில் சுமார் 2,700 கோடி டாலராக இருந்து, 2024-இல் 6,090 கோடி, 2025-இல் 13,050 கோடி என்று ஏறியது இந்த வரியின் மறுபக்கம்தான்.

கணக்கெழுதுபவன் என்பதால் எனக்குப் பிடித்த இன்னொரு வரி உண்டு. வாங்கிய சர்வர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வாடிக்கையாளர் கணக்கில் எழுதுகிறார் என்பது அது. மெட்டா 2025 தொடக்கத்தில் இதை ஐந்தரை ஆண்டாக நீட்டியது. அதே சமயம் அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஒரே வகைப் பெட்டி, ஒரே சந்தை, இரண்டு கணிப்பு. ஆயுளை நீட்டினால் தேய்மானம் குறைந்து அந்த ஆண்டின் லாபம் கூடும். பெட்டி உண்மையில் சீக்கிரம் பழசாகிப்போனால் பின்னால் மொத்தமாகத் தள்ளுபடி எழுத நேரும், அடுத்த ஆர்டரும் தள்ளிப்போகும். பங்கு வாங்குபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், விற்பவரே வாங்குபவருக்குக் கடன் கொடுக்கிறாரா என்பது. செவ்வாய்ப்பேட்டையில் இதற்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2000 வாக்கில் லூசென்ட், நார்டெல் போன்ற கருவிக் கம்பெனிகள் புதிய தொலைபேசிக் கம்பெனிகளுக்குத் தாங்களே கடன் கொடுத்துத் தங்கள் சரக்கை விற்றன. கடன் வாங்கியவர்கள் மூழ்கியபோது விற்பனையும் போயிற்று, கடனும் போயிற்று. நார்டெல் 2009 ஜனவரியில் திவால் மனுக் கொடுத்தது. 2025 செப்டம்பரில் என்விடியா, தன் சிப்புகளைப் பெருமளவு பயன்படுத்தும் ஓப்பன்ஏஐ கம்பெனியில் 10,000 கோடி டாலர் வரை படிப்படியாக முதலீடு செய்யும் எண்ணத்தை அறிவித்தது. இதுவும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. என்விடியாவின் கையில் சொந்தப் பணம் நிறைய இருக்கிறது. ஆனாலும் இப்படி ஒரு செய்தி வந்தால் என் நோட்டில் சிவப்பு மையில் குறித்து வைக்கிறேன்.

மூன்றாம் படி: கிடங்கையும் பாக்கியையும் பாருங்கள்

ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள்: விற்பனை, சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி. விற்பனை 10 சதவீதம் கூடும்போது சரக்கிருப்பு 40 சதவீதம் கூடினால், அடுத்த அறிமுகத்துக்காகச் சேர்க்கிறார்களா, விற்காமல் தேங்குகிறதா என்று கேட்க வேண்டும். வெள்ளி விலை சரியும்போது கிடங்கு நிறையக் கொலுசு வைத்திருப்பவன் படும் பாடு நமக்குத் தெரியும். சிப் அதைவிட மோசம். வெள்ளியை உருக்கலாம், பழைய சிப்பை உருக்கி என்ன செய்வது?

சிஸ்கோவின் 2001 கதை இதற்கு நல்ல பாடம். ஒரு காலாண்டில் 675 கோடி டாலர் விற்ற கம்பெனி, அடுத்த காலாண்டில் 473 கோடிதான் விற்றது. முந்தைய ஆண்டு சரக்குத் தட்டுப்பாடு என்று பயந்து உதிரிகளை முன்கூட்டி வாங்கிக் குவித்திருந்தார்கள். வாங்குபவர்களும் பயத்தில் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் போட்டிருந்தார்கள். காற்று திரும்பியதும் ஆர்டர்கள் மறைந்தன, உதிரிகள் மட்டும் கிடங்கில் நின்றன. சுமார் 225 கோடி டாலர் சரக்கைத் தள்ளுபடி எழுதினார்கள். ஆகவே "ஆர்டர் குவிந்து கிடக்கிறது" என்ற செய்தி வந்தால் மகிழ்வதற்கு முன், அதே ஆர்டர் வேறு எங்காவதும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று யோசியுங்கள். 2021-இல் சிப் தட்டுப்பாட்டின்போதும் இதே இரட்டை ஆர்டர் பழக்கம் தலைதூக்கியது.

நான்காம் படி: சுழற்சியில் இப்போது எங்கே நிற்கிறோம்?

மரவள்ளிக் கிழங்குக்கு நல்ல விலை வந்த வருடம் ஆத்தூரிலிருந்து நாமக்கல் வரை எல்லோரும் மரவள்ளி நடுவார்கள். ஏறத்தாழ பத்து மாதம் கழித்து எல்லாருடைய கிழங்கும் ஒன்றாக ஆலைக்கு வரும். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தில் ஜவ்வரிசி மூட்டையின் விலை படுத்துவிடும். அடுத்த வருடம் பாதிப்பேர் வேறு பயிருக்குப் போவார்கள், விலை மறுபடி எழும்.

நினைவகச் சிப் சந்தையை எனக்கு விளக்க வேறு பாடமே தேவைப்படவில்லை. வித்தியாசம் ஒன்றுதான். கிழங்குக்குப் பத்து மாதம், சிப் ஆலைக்கு இரண்டு மூன்று வருடம். விலை நன்றாக இருக்கும்போது கட்டத் தொடங்கிய ஆலைகள், தேவை குறைந்த பிறகு உற்பத்திக்கு வரும். உலகச் சிப் விற்பனை 2000-இல் 20,400 கோடி டாலராக இருந்தது, 2001-இல் 13,900 கோடிக்கு விழுந்தது. மைக்ரானின் விற்பனை 2022 நிதியாண்டில் 3,076 கோடி டாலர், அடுத்த ஆண்டு 1,554 கோடி. பாதி! அந்த ஆண்டு 583 கோடி டாலர் நஷ்டம். 2025 நிதியாண்டில் அதே கம்பெனி 3,740 கோடி விற்றது.

இங்கேதான் புதியவர்கள் காலை விடுகிறார்கள். பங்கு விலை, லாபத்தின் எத்தனை மடங்கு என்ற எண் குறைவாக இருந்தால் மலிவு என்று படித்திருப்பார்கள். 2018-இல் மைக்ரான் 1,414 கோடி டாலர் லாபம் காட்டியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பங்கு விலை, லாபத்தின் 5 மடங்குக்கும் கீழே இருந்தது. மலிவாகத்தான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் லாபம் 269 கோடியாகச் சுருங்கியது. சுழற்சித் தொழிலில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது அந்த மடங்கு சிறியதாகத் தெரியும், லாபம் மண்ணில் கிடக்கும்போது பெரிதாகத் தெரியும் அல்லது கணக்கே போட முடியாது. கிழங்கு விலை உச்சத்தில் இருக்கும் வருடத்து வருமானத்தை வைத்து நிலத்துக்கு விலை பேசுபவனை ஆத்தூரில் யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். நினைவகப் பங்குகளுக்குக் கடந்த 7, 8 ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுத்து, அதோடு விலையை ஒப்பிடுங்கள்.

டிசைன் கம்பெனிகளுக்கும் சுழற்சி உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். என்விடியாவின் பங்கு 2018-இன் கடைசி மூன்று மாதங்களில் பாதிக்கும் மேல் விழுந்தது. 2022-லும் பாதி போயிற்று. 2025 ஜனவரி 27 அன்று, டீப்சீக் என்ற சீனச் செயற்கை நுண்ணறிவு மாதிரியின் செய்தியால், ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்து சுமார் 59,000 கோடி டாலர் சந்தை மதிப்பு கரைந்தது. இப்படிப்பட்ட நாளில் தூக்கம் கெடுமா என்று முன்கூட்டியே தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: நல்ல கம்பெனிக்கும் ஒரு விலை உண்டு

2000 மார்ச்சில் சிஸ்கோ உலகிலேயே மதிப்பு மிக்க கம்பெனி. பங்கு 80 டாலர். 2002 அக்டோபரில் 10 டாலருக்கும் கீழே. இணையம் வளராமல் போனதா? இல்லை. சிஸ்கோ மூழ்கியதா? அதுவும் இல்லை. 2000 நிதியாண்டில் 1,890 கோடி டாலராக இருந்த விற்பனை 2023-இல் 5,700 கோடியானது. மூன்று மடங்கு! ஆனால் பழைய உச்ச விலையைப் பங்கு மீண்டும் தொட 2025 டிசம்பர் ஆயிற்று. கால் நூற்றாண்டுக்கும் மேல். 2000-இல் வாங்கியவர் இணையத்தைப் பற்றி நினைத்தது அத்தனையும் சரி. கொடுத்த விலை மட்டும்தான் தவறு.

எனக்கும் அந்த வருடத்துத் தழும்பு உண்டு. 2000 பிப்ரவரியில் நெட்வொர்க் தொழில் என்று சொல்லிக்கொண்ட ஒரு சிறிய இந்தியக் கம்பெனியின் பங்குகளை, பெயரில் "நெட்" இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லாமல், அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து வாங்கினேன். அந்தக் கம்பெனி இன்று இல்லை. காகிதப் பத்திரங்கள் இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டில், அடகு ரசீதோடு ஒரே உறையில் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு அன்று அவற்றைத்தான் எடுத்துக் காட்டினேன். பத்திரத்தின் ஓரத்தில் கொடிப்பூ வேலைப்பாடெல்லாம் அச்சிட்டிருந்தார்கள்; கல்யாணப் பத்திரிகையைவிட அழகு.

விலைக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பை எழுதுங்கள். அந்தப் பணத்தைப் பத்து ஆண்டில் லாபமாகத் திருப்பித் தர வேண்டுமானால், லாபம் ஆண்டுக்கு எவ்வளவு வளர வேண்டும்? அந்த வளர்ச்சிக்கு வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு எவ்வளவு செலவிட வேண்டும்? இரண்டாம் படியில் குறித்த மூலதனச் செலவோடு பொருத்திப் பாருங்கள். வாடிக்கையாளரின் மொத்த வருமானத்தையும் விழுங்கினால்தான் கணக்கு ஒத்துவரும் என்றால் அங்கேயே நோட்டை மூடிவிடலாம்.

ஆறாம் படி: இந்தியப் பங்குகளில் பெயரைப் பார்த்து ஏமாறாமல்

ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது முதல், சேலத்திலும் "சிப் பங்கு" பேச்சு சூடாக இருக்கிறது. ஆலைகள் எழுவது உண்மை. குஜராத்தின் தோலேராவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் சிப் ஆலை அமைக்கிறது. அசாமின் ஜாகிரோடில் 27,000 கோடியில் உறை போடும் ஆலை. குஜராத்தின் சானந்தில் மைக்ரான், சிஜி பவர், கெய்ன்ஸ் ஆகியவை.

இப்போது பங்குச் சந்தைக்கு வாருங்கள். டாடா எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி. டாடா பெயர் கொண்ட வேறு பங்கை வாங்கினால் தோலேரா ஆலை உங்களுடையதாகிவிடாது. ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் செய்வது ஐபோன் உதிரிபாகமும் பொருத்தும் வேலையும். அது சிப் ஆலை அல்ல. மாப்பிள்ளை அங்கே பக்கத்தில்தான் வேலை செய்கிறான், அவனே இதைக் குழப்பிக்கொண்டிருந்தான். சானந்து மைக்ரான், அமெரிக்க மைக்ரானுக்குச் சொந்தம். சிஜி பவரின் பெரும்பகுதி வருமானம் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும். கெய்ன்ஸ் அடிப்படையில் மின்னணுப் பலகைகளைப் பொருத்தித் தரும் கம்பெனி. இவை மோசம் என்று சொல்லவில்லை. நீங்கள் கொடுக்கும் விலையில் எவ்வளவு இன்று ஓடும் தொழிலுக்கு, எவ்வளவு இனி வரப்போகும் சிப்புக்கு என்று பிரித்து எழுதுங்கள் என்கிறேன்.

வாடிக்கையாளர் கணக்கைப் படிப்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸை என் நோட்டின் ஒரு பக்கமாகவே காட்டுகிறேன். டாடா குழுமக் கம்பெனி. பிஎஸ்என்எல் 4ஜி வலையமைப்புக்கு டிசிஎஸ் மூலமாக 2023-இல் கிடைத்த ஆர்டர் 7,492 கோடி ரூபாய். 2024-25 நிதியாண்டின் விற்பனை சுமார் 8,900 கோடி ரூபாய், லாபமும் வந்தது. அந்த ஆண்டின் விற்பனை வளர்ச்சியை மட்டும் பார்த்தவர் மயங்கியிருப்பார். பக்கத்தின் வலது ஓரத்தில் நான் எழுதிவைத்திருந்த கேள்வி ஒன்றே ஒன்று: "பிஎஸ்என்எல் ஆர்டர் முடிந்த பிறகு?" 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் விற்பனை 202 கோடி. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 1,563 கோடியாக இருந்தது. நஷ்டம் 194 கோடி. கம்பெனி ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. ஒரே பெரிய வாடிக்கையாளர் என்று அதன் அறிக்கைகளே சொல்லின. அடுத்த பெரிய ஆர்டர் வந்தால் இதே பக்கத்தில் மேலே போகும் எண்களையும் எழுதுவேன்.

இந்தியக் கம்பெனிகளின் ஆண்டறிக்கை, முதலீட்டாளர் அழைப்பின் எழுத்துப் படி ஆகியவை என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் கிடைக்கும். அழைப்பின் முதல் பாதி கம்பெனி சொல்ல விரும்புவது. இரண்டாம் பாதியில் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் படித்தாலே பாதி வேலை முடிந்தது. நிர்வாகம் எந்தக் கேள்விக்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்கிறதோ அங்கே கோடு போடுங்கள்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "நாளை ஏறும்" என்று வரும் பெயர்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. குழுவிலிருந்து வெளியேறுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

ஏழாம் படி: அமெரிக்கப் பங்கு என்றால் காகித வேலை

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். இந்த 10 லட்ச எல்லை 2025 ஏப்ரல் முதல் வந்தது. பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அதை இங்கே கழித்துக்கொள்ளப் படிவம் தர வேண்டும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புக்கான வரி.

பலர் கோட்டை விடும் இடம், வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், நஷ்டத்தில் இருந்தாலும், எழுத வேண்டும். அந்த அட்டவணை ஏப்ரல் முதல் மார்ச் வரை அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. இன்னொன்று: அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை விட்டு இறந்தால், வாரிசுகளுக்கு அந்நாட்டு மரபுரிமை வரிச் சிக்கல் வரும். பெரிய தொகை போடுபவர்கள் இதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது. எல்லாம் தலைவலி என்பவர்கள், வெளிநாட்டுப் பங்குகளில் போடும் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளைப் பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டு முதலீட்டுக்கு ஒட்டுமொத்த உச்சவரம்பு இருப்பதால் அவற்றில் சில அவ்வப்போது புதுப் பணத்தை வாங்காமல் கதவைச் சாத்திவிடும்.

எட்டாம் படி: எவ்வளவு, எப்போது, எப்போது விற்பது

என் வழக்கம் இது: சிப், நெட்வொர்க் இரண்டும் சேர்த்து மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. ஒரே பங்கில் அதிலும் மூன்றில் ஒன்று. இரண்டையும் தனித்தனித் துறை என்று நினைத்து ஏமாற வேண்டாம். வாடிக்கையாளர் ஒருவரே என்றால் இரண்டும் ஒரே நாளில் விழும். மொத்தத் தொகையை ஆறாகப் பிரித்து, மாதம் ஒன்றாக அல்லாமல் காலாண்டு அறிக்கை ஒவ்வொன்றையும் படித்த பிறகு ஒன்றாக, ஒன்றரை வருடத்தில் வாங்குகிறேன். படிக்க நேரம் இல்லாத காலாண்டில் வாங்குவதில்லை.

வாங்கும் அன்றே, எது நடந்தால் விற்பேன் என்று எழுதிவிடுகிறேன். விலை இவ்வளவு இறங்கினால் என்று எழுதுவதில்லை. பெரிய வாடிக்கையாளர்களில் இருவர் மூலதனச் செலவைக் குறைத்தால், சரக்கிருப்பு இரண்டு காலாண்டு தொடர்ந்து விற்பனையைவிட வேகமாக ஏறினால், வாடிக்கையாளர் தானே சிப் செய்துகொள்ளத் தொடங்கினால் என்று எழுதுகிறேன். கடைசிக் காரணம் கற்பனை அல்ல. கூகுள் தன் டிபியூ சிப்பை 2015 முதல் தன் கூடங்களில் ஓட்டுகிறது. அமேசானுக்கும் சொந்தச் சிப் உண்டு. பிராட்காம் போன்றவை அந்தச் சொந்தச் சிப்புகளைச் செய்துகொடுத்து அதிலும் சம்பாதிக்கின்றன. ஒருவர் இழப்பது இன்னொருவர் பக்கத்தில் வரவாக எழுதப்படும், அதையும் நோட்டில் பார்க்கலாம்.

மாப்பிள்ளை அந்த இரண்டு லட்சத்தை இன்னும் போடவில்லை. அரிஸ்டாவின் 10-கேயில் வாடிக்கையாளர் பத்தியைக் கண்டுபிடித்து, கைபேசியில் படம் எடுத்து அனுப்பினான். அடுத்த ஞாயிறு வரும்போது மைக்ரோசாஃப்டின் மூலதனச் செலவை நான்கு காலாண்டுக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் நோட்டு வாங்கிவிட்டானாம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருக்கிறது என்றான்.